ஐஸில் அடித்த சிதறுதேங்காய்

அன்றைக்கு ஏன் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன் என்று பலதடவை என்னையே திட்டியிருக்கிறேன். பிறகுதான் உறைக்கும், திட்டவேண்டியது அதற்கில்லை என்று.

ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் ஏரி நன்றாக உறைகிற வருடங்களில் அதன்மேல் ஒரு பனிக்கால விழா நடக்கும். சூடான வைன், சுட்ட சொசேஜ், பிள்ளைகளுக்குச் சறுக்குவண்டி. முக்கியமானது பனிச்சப்பாத்து ஓட்டம். பூப்பந்து மட்டை மாதிரி ஒன்றைக் காலில் கட்டிக்கொண்டு, தாரா நடை நடந்து, விழுந்தெழும்பி ஓடவேண்டும். ஹனோவரில் நான் வேலைசெய்யும் களஞ்சியத்திலிருந்து ஒவ்வொரு முறையும் நால்வர் ஓர் அணியாகப் போவார்கள். பதினொரு வருடத்தில் முதல்தடவையாக என்னையும் கேட்டார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

அக்காவுக்கோ நெஞ்சிடி.

“உனக்கென்ன விசரே? கீழ தண்ணியெல்லோ!”

“அதுக்கு மேல கார் கூட ஓடலாம் அக்கா.”

“கார் ஓடட்டும். நீ ஓடுறதெண்டா நானும் வாறன்.”

விடியப்புறம் ஒபிஸ் துடைத்து, பின்னேரம் உணவகத்தில் கோப்பை கழுவி, என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்தவர் அக்கா. வரவேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? கூட்டாளிகள் தங்கள் காரில் வர, நான் அக்காவை என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

ஏரியில் எல்லோரும் வரிசையில் நின்றோம். விசில் ஊதப்போகிற நேரம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா ஓட்டப்பாதைக்கு வந்தார். தடித்த ஜக்கெற்றுக்குக் கீழே சிவப்புச் சேலை, கையில் பை. சப்பாத்துக் காலால் பனியை ஒதுக்கி, ஐஸ் தெரியுமட்டும் தேய்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. புதுக் கார் எடுத்தாலும் புது வீடு போனாலும் பிள்ளையாருக்குத் தேங்காய் அடிக்காமல் அவர் ஒரு அடி வைக்கமாட்டார். “அக்கா, வேண்டாம்” என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். நான் குனிந்து, கட்டியிருந்த வாரை மறுபடி கட்டினேன்.

என் பக்கம் பார்த்துத் தேங்காயை மூன்றுதரம் சுற்றினார். ஓங்கி அடித்தார்.

அட கடவுளே, அந்தச் சத்தம்! ஐஸ் வெடித்துவிட்டதென்று யாரோ அலற, பாதிச் சனம் கரைக்கு ஓடியது. வைன் மேசை ஒன்று சரிந்தது. செம்மஞ்சள் அங்கி போட்ட ஒழுங்கமைப்பாளர் ஓடிவந்து, ஒரு தேங்காய்ச் சில்லைக் கையிலெடுத்துப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு, அந்த வரிசையில் நின்ற ஒரேயொரு மண்ணிற முகத்தைப் பார்த்தார்.

“இவர் உங்களோடு வந்தவரா?”

என் கூட்டாளிகள் மூவரும் என்னையே பார்த்தார்கள். ஒருவன் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

“நைன்” என்றேன், இல்லையென்று. அதோடு விட்டேனா? யாரென்றே தெரியாது, பேர்லின் பக்கத்து ஆளாக இருக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னேன். என் நாக்கு அழுக!

அக்காவின் ஜெர்மன் அரைகுறைதான். ஆனால் இது விளங்காத அளவுக்கு அரைகுறை இல்லை. என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு அந்த மனிதரிடம், “மன்னியுங்கள், நான் தனியத்தான் வந்தேன்” என்று ஜெர்மனில் சொன்னார். யாரும் சறுக்கி விழக்கூடாதென்று முழந்தாளிட்டு, வெறுங்கையால் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு விசில் ஊதினார்கள், நான் ஓடினேன்.

மூன்றாமிடம் வந்தோம். தோளில் தட்டினார்கள், படம் எடுத்தார்கள். வெட்கங்கெட்டவன், அதற்குப் பல்லும் காட்டினேன்.

அக்கா என் காரடியில் இல்லை. தேடிப் போனால், வீதியோரம் பஸ் தரிப்பில் நிற்கிறார்.

“ஏன் அக்கா இஞ்ச நிக்கிறியள்? வாங்கோ, போவம்.”

“உன்ர ஆக்கள் காரடியில நிக்கினம். என்னை உன்னோட கண்டா, நீ சொன்னது பொய்யெண்டு தெரிஞ்சிடும். நீ போ, நான் பஸ்ஸில ஸ்டேஷனுக்குப் போறன்.”

கோபமே இல்லாமல்தான் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பஸ் வந்தது. அக்கா ஏறினார். நானும் ஏறியிருக்கலாம். கூட்டாளிகள் காரடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஏறவில்லை.