சர்வரின் மெமரியைத் தின்றது யார்?

சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலை கைக்குழந்தை மாதிரிதான்: சத்தம் வந்தாலும் பயம், வராவிட்டால் இன்னும் பயம். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிரசவ விடுப்பு முடிந்து திருச்செங்கோட்டு வீட்டிலிருந்தே வேலையைத் தொடர்ந்தபோது எனக்குத் தரப்பட்டது ஒரே சர்வர். போர்வெல் வண்டிகள் எந்த ஊரில் நிற்கின்றன என்று எங்கள் கஸ்டமரான வண்டி முதலாளிக்குக் காட்டுவது அதன் வேலை. மெமரி நிரம்பித் திணறி அடிக்கடி நின்றுபோனது; நின்றால் வண்டியைக் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே காட்டிக்கொண்டிருக்கும். இன்னொரு முறை நின்றால் கஸ்டமரும் இல்லை, நானும் இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

டீக்கடையில் நின்ற ரிக் வண்டி

முதல் நாளே வண்டி முதலாளி போன் செய்தார். அவர் ஹலோ சொல்வதற்குள் சாரி சொன்னேன், கான்வென்ட் பழக்கம். அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"ஏனுங்க அம்மிணி, ஒடிசாவுல குழி ஓட்டிட்டு இருக்கறேன்னு டிரைவர் சொல்றான். உங்க கம்ப்யூட்டரு, வண்டி சங்ககிரி டீக்கடைய உட்டே நகரலைங்குது. நான் யார நம்பட்டும்?"

ஆளில்லாத திருட்டு

ஓடுகிற புரோகிராம்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று பார்த்தேன். எல்லாம் நல்ல பிள்ளைகள். மொத்தமாகக் கூட்டினாலும் பாதிகூட வரவில்லை. மீதி எங்கே போனது என்று தெரியவில்லை என்று மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன்.

"அப்ப பேய் தின்னுடுச்சுன்னு கஸ்டமருக்கு மெயில் போட்டுடலாமா?"

ஸ்லேப்டாப்

புரோகிராம்களுக்குத் தருவது போக, சிஸ்டத்தின் மையமான கெர்னல் தன் சொந்த உபயோகத்துக்கும் மெமரி எடுத்துக்கொள்ளும். அதைக் காட்ட ஸ்லேப்டாப் என்று ஒரு கமாண்ட் உண்டு. அடித்தேன். கெர்னல் எதெதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்று திரையில் வரிசையாக வந்தது. உச்சியில் இருந்த 'டென்ட்ரி' மட்டும் கண்ணெதிரே ஊதிக்கொண்டே போனது.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த மாமியார், அது என்ன என்றார். "கேட்ட ஃபைல் எங்க இருக்குதுன்னு ஞாபகம் வெச்சுக்கற எடங்க அத்தை. இல்லாத ஃபைலக் கேட்டாலும், இல்லைங்கறதையும் ஞாபகம் வெச்சுக்குமுங்க" என்றேன். அத்தைக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

"பின்ன? உன்ர கல்யாணத்துக்கு வந்தவங்க பாதிப் பேரு மறந்தே போச்சு சாமி. வராதவங்க அத்தன பேரையும் இப்பக் கேளு, சொல்றேன்."

வராத போட்டோ

அப்படியானால் இல்லாததை யாரோ ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். தேடினேன். டிரைவர்கள் வேலையிடத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று முதலாளி முன்பு கேட்டிருந்தார். போட்டோ வந்ததா என்று ஒரு புரோகிராம் நொடிக்கு நொடி, வண்டிக்கு வண்டி, புதுப்புதுப் பெயரில் தேடிக்கொண்டிருந்தது. ஒரு டிரைவரும் ஒரு போட்டோவும் அனுப்பியதில்லை. அத்தனை 'இல்லை'யையும் கெர்னல் பத்திரமாக வைத்திருந்தது. தேடுவதை நிறுத்தட்டுமா என்று முதலாளிக்குப் போன் செய்தேன்.

"நிறுத்திப்போடுங்க அம்மிணி. நான் கேட்டே அனுப்பாதவனுங்க, உங்க மிசின் கேட்டா அனுப்பீருவானுங்களா?"

பரிசு

நிறுத்தினேன். டென்ட்ரி ஊதுவது நின்றது. அதன்பின் சர்வர் ஒருமுறைகூடப் படுக்கவில்லை. கஸ்டமர் தங்கிவிட்டார் என்று சொல்ல மேனேஜரே அழைத்தார். நான் வேலைக்குத் திரும்பிய பிறகு முதன்முறையாக அவர் குரலில் சிரிப்பு இருந்தது.

"இனி உன் வேலைக்குப் பயமே இல்லம்மா. இதே மாதிரி படுத்துக்கற சர்வர் இன்னும் நாலு இருக்கு, நாளையிலிருந்து நீயே பாத்துக்க."

வேலை போய்விடுமோ என்று பயந்தபோது எனக்கு ஒரு சர்வர்தான் இருந்தது. வேலை நிலைத்த பிறகு பயப்படுவதற்கு ஐந்து இருக்கின்றன.