மஞ்சள் எண்ணெய் வாங்கிய நாள்

இந்த ஊரில் பெட்ரோலை நாமே இறங்கி ஊற்றிக்கொள்ள வேண்டும். பினாங்குக்கு வந்த புதிதில் அது எனக்குத் தெரியாது. விருதுநகரில் பெட்ரோல் பங்க்குக்குள் வண்டியை விட்டால் சீருடை போட்ட பெண் ஒருத்தி வந்து "ஜீரோ பாத்துக்கோங்க" என்பாள். அந்த நினைப்பில் ஜார்ஜ் டவுனில் பம்புக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. பின்னால் நின்ற காரிலிருந்து ஒரு சீனர் இறங்கி வந்து, என் ஜன்னலில் குனிந்து, "ரோசாக் கா?" என்று கேட்டார். என்னை யாரோ ரோசாக்கா என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது என்று, "நோ, நோ. வசந்தி" என்று சிரித்தபடி சொன்னேன். வண்டி பழுதா என்று அவர் மலாயில் கேட்டிருக்கிறார். பாவம், "ஓகே, வசந்தி" என்று சொல்லிவிட்டு அவரே எனக்குப் பெட்ரோல் போட்டுக் கொடுத்தார்.

மலாய் தெரியாமல் இப்படி அசடு வழிவது அதன்பிறகு எனக்குப் பழகிவிட்டது. தமிழ் தெரிந்தும் வழிய நேரும் என்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. அது பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது நடந்தது. எங்கேயோ கப்பல்கள் நிற்கின்றனவாம், லாரிகள் வராதாம் என்று காலையில் கைப்பேசிக்குக் கைப்பேசி செய்தி பறந்தது. மத்தியானத்துக்குள் பாதி ஊர் தெருவில் நின்றது.

எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீடு லெட்சுமி அக்காவுடையது. பள்ளிக்கூட கேண்டீனில் சமைக்கிறார். அவர் கணவர் ராஜு அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் மூன்று தடவை கடலுக்கு அக்கரையில் செபராங் ஜெயாவில் ரத்தம் சுத்திகரித்துக்கொள்கிறார். அங்கேதான் அவருக்கு இடம் கிடைத்தது. பாலம் தாண்டி அக்காதான் தன் சின்னக் காரில் கூட்டிப்போய் வருவார். எனக்கு அவசரம் என்றால் அந்தக் காரை நானும் எடுத்துக்கொள்வேன். அன்றைக்கும் சாவி என்னிடம்தான் இருந்தது. அக்கா வேலையிடத்திலிருந்து அழைத்தார்.

"தங்கச்சி, நாளையிலேருந்து எண்ணெ கெடைக்காதாம். காடி சாவி ஒங்கிட்டதானே? இப்பவே போயி எண்ணெ எடுத்து வச்சிரு. ஃபுல்லா எடு லா."

"எந்த எண்ணெக்கா?"

"எந்த எண்ணெயா? மஞ்சதான் லா. பச்ச வேணாம், வெல கூட."

அதற்குமேல் எனக்கு என்ன விளக்கம் வேண்டும்? மஞ்சள் என்றால் பாமாயில், பச்சை என்றால் ஆலிவ் எண்ணெய். நான் பிறந்த ஊரே எண்ணெய் வியாபாரத்தில் எழுந்து நின்ற ஊர். அப்பா எண்ணெய் மண்டியில் கணக்கு எழுதியவர். எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் நல்லெண்ணெய், கடலை எண்ணெய். மற்றதெல்லாம் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். அங்கே தட்டுப்பாடு என்று ஒரு சொல் கிளம்பினால் போதும், சண்டை தொடங்கிவிடும். ரேஷன் கடை வாசலில் ஆளுக்குப் பதிலாகப் பையும் செங்கலும் வரிசையில் நிற்கும். எந்தச் செங்கல் யாருடையது என்று ஒரு பஞ்சாயத்தே நடக்கும். அந்தக் கூட்டத்தில் முழங்கையால் வழி செய்துகொண்டு வளர்ந்தவள் நான். இந்த வேலைக்கு அக்கா சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார் என்ற பெருமையோடு காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் பெட்ரோல் நிலையத்துக்கு முன்னால் கார்கள் வால் நீட்டி நின்றன. ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டியபடி அவற்றைத் தாண்டி சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன்.

தள்ளுவண்டியில் பெரிய போத்தல்களாக அடுக்கினேன். பக்கத்தில் மிளகாய்த்தூள் பார்த்துக்கொண்டிருந்த மலாய்ப் பெண்மணி ஒருவர், "மின்யாக் தாக் அடா கா?" என்றார். எண்ணெய் கிடைக்காதா என்று கேட்கிறார். இந்தமுறை மலாய் எனக்கு நன்றாகவே புரிந்தது. "ஏசோக் தாக் அடா!" என்றேன். நாளைக்குக் கிடையாது. அவர் மிளகாய்த்தூளை விட்டுவிட்டு இரண்டு போத்தல்களை அணைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து ஒரு சீனப் பாட்டி, பாட்டியைப் பார்த்து ஒரு குடும்பம். நான் காசு கட்டும் இடத்துக்கு வருவதற்குள் என் பின்னால் வரிசை அரிசி மூட்டைகள் வரை நீண்டிருந்தது. நல்லவேளை முந்திக்கொண்டோம் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் அக்கா வந்தார். கூடத்தில் வரிசையாக நின்ற போத்தல்களைப் பார்த்தார்.

"இது என்னா?"

"எண்ணெக்கா. மஞ்ச."

அக்கா கீழே ஓடிப்போய் காரைத் திறந்து முள்ளைப் பார்த்தார். அது அடியில் படுத்திருந்தது. இங்கே பெட்ரோலுக்கும் எண்ணெய் என்றுதான் பெயர். மஞ்சளும் பச்சையும் பம்புக் குழாயின் நிறங்கள். இத்தனை காலம் இங்கே இருந்தும் அந்த ஒரு சொல் எப்படியோ என் காதில் படாமலே போயிருக்கிறது. அக்கா மேலே வந்து சொன்னதைக் கேட்டு ராஜு அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி நின்றபோது, அவருடைய வீங்கிய கால்களை நாங்கள் மூவருமே பார்த்தோம். மறுநாள் காலை அவர் போயாக வேண்டும். ஒருமுறை தவறினால் மூச்சு வாங்கும், படுக்க முடியாது. அக்கம்பக்கத்து நிலையங்களில் எல்லாம் 'ஹாபிஸ்', தீர்ந்துவிட்டது என்று அட்டை மாட்டிவிட்டார்கள். வாடகைக் கார்களை அழைத்தால் ஒன்றும் வரவில்லை. என் கணவரும் எங்கள் காரை எடுத்துக்கொண்டு கோலாலம்பூர் போயிருந்தார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை வரை நடந்துவிட்டேன். அங்கே நாங்கள் இரண்டு வீட்டாரும் வழக்கமாகச் சாப்பிடும் நாசி கண்டார் சோற்றுக் கடையில் கூட்டமே இல்லை. முதலாளி காதர் பாய் வாசலில் கைகட்டி நின்றார்.

"சாப்பாடு இல்லயா பாய்?"

"கோழி பொரிக்க வழியில்ல தங்கச்சி. மத்தியானம் எந்தப் பைத்தியமோ சூப்பர்மார்க்கெட்ல நின்னுக்கிட்டு எண்ணெ முடிஞ்சி போச்சுன்னு கெளப்பி விட்டுருச்சாம். ஒரு போத்தல் மிச்சமில்ல. வேனுக்குக் காலையிலயே எண்ணெ ஃபுல்லா போட்டுட்டேன். சட்டிக்குத்தான் எண்ணெ இல்ல!"

இன்னும் கிட்டப் போனேன்.

"பாய், அந்தப் பைத்தியம் நான்தான்."

முழுக்கதையையும் சொன்னேன். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ராஜு எத்தன மணிக்குப் போவணும்?" என்று மட்டும் கேட்டார். அரைமணி நேரத்தில் போத்தல்கள் வேனில் ஏறின. மறுநாள் காலை அதே வேனில், மீன்குழம்பு வாசனைக்கு நடுவில், அண்ணன் ராஜாவைப்போல உட்கார்ந்து பாலம் தாண்டினார். பார்த்தவர்களிடம் எல்லாம் என் கதையைச் சொன்னாராம். சிகிச்சை முடிந்து திரும்பியபோது அவர் கையில் பொரித்த கோழிப் பொட்டலம் இருந்தது. "ஒன் எண்ணெதான் தங்கச்சி," என்று என்னிடம் நீட்டினார்.

லாரிகள் அந்த வாரக் கடைசியில் வந்தன. அதுவரை அண்ணனுக்குக் காதர் பாயின் வேன்தான். அக்காவின் காரில் ஒரு சொட்டுக்கூட இல்லாததால் அடுக்குமாடி ஆட்களே நிலையம் வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். வரிசை நீளமாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் யாரையும் முழங்கையால் இடிக்கவில்லை. எல்லோரும் எஞ்சினை அணைத்துவிட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் தேநீரை உறிஞ்சியபடி நின்றார்கள். வரிசை நகரும்போது முன்னால் இருப்பவரின் காரைப் பின்னால் இருப்பவர் தள்ளிவிட்டார். என் முழங்கைக்கு அங்கே வேலையே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அம்மா விருதுநகரிலிருந்து அழைத்தாள். செய்தியில் பார்த்தாளாம். "அங்க என்னமோ தட்டுப்பாடுங்கிறாங்களே, நீ ஏன் அங்க கெடந்து கஷ்டப்படுற? எப்பத்தா வர்ற?" என்றாள். அதே நேரம் உள்ளே பணம் கட்டிவிட்டு வந்த லெட்சுமி அக்கா பம்புப் பக்கம் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார்.

"தங்கச்சி! நம்ம டர்ன், வா வா!"

"இந்தா வந்துட்டேன்!" என்று கத்தினேன்.

கைப்பேசியில் அம்மா சந்தோஷத்தில் யாரையோ கூப்பிட்டு, "வந்துட்டாளாம்" என்று சொல்வது கேட்டது. இங்கே அக்கா தலையாட்டிவிட்டு மஞ்சள் குழாயை எடுத்துக்கொண்டு தயாராக நின்றார். நான் யாருக்குப் பதில் சொன்னேன் என்று யோசிப்பதற்குள், பின்னாலிருந்து பெயர் தெரியாத யார் யாரோ கைவைத்துத் தள்ள, கார் சத்தமில்லாமல் நகர்ந்தது.