கொல்லையில் எழுந்த சிவப்புப் பந்துகள்

குழந்தைகளா, மொட்டைமாடி டின்களில் மே மாதம் பூக்கிறதே சிவப்புப் பந்துப்பூ, அதைக் காட்டி, "அம்மா மட்டும் ஏன்ப்பா இதுங்கிட்ட வரவே மாட்டேங்குது?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். பத்தாவது வரை படித்தவன் நான். எழுத வந்த மாதிரி எழுதுகிறேன். பெரியவளே, இது நடந்தபோது நீ அம்மா வயிற்றில் இருந்தாய். சின்னவனே, நீ அப்போது கணக்கிலேயே இல்லை.

உங்களுக்கு முன்னால் எங்களுக்கு ஒன்று பிறந்து, கண் திறக்காமலே போய்விட்டது. அது உங்களுக்குத் தெரியும். அதற்கு அடுத்த தையில் ஈஜிபுரா ஏரியாவில் ஒரு பழைய ஓட்டு வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். எனக்கு அந்த வீடு பிடித்ததற்கு ஒரே காரணம், பின்னால் இருந்த வெறும் மண் கொல்லை. கம்பெனியில் நாங்கள் நாலைந்து பேர் பூக்கிழங்குப் பைத்தியங்கள். ஆப்பிரிக்கா, மெக்சிகோ என்று எங்கெங்கோ வெயில் தேசத்துக் கிழங்குகள் கை மாறி கை மாறி எங்களிடம் வரும். ஷிப்ட் முடிந்ததும் டீக்கடையில் பேப்பரில் சுற்றி மாற்றிக்கொள்வோம். உங்கள் அம்மா அவற்றை "உங்க வெங்காயம்" என்பாள்.

கொல்லை காய்ந்து கிடந்தது. புல்கூட இல்லை. ஒருநாள் அவள் நிறைகுடத்தை அங்கே இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"ஏங்க, இங்க சத்தம் வேற மாதிரி வருது."

நானும் குடத்தைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். மற்ற இடத்தில் 'தொப்' என்றது. அங்கே மட்டும், கீழே யாரோ பதில் சொல்வது போல, தாமதமாக ஒரு 'தும்'.

"பழைய அஸ்திவாரம் ஏதாச்சும் இருக்கும்" என்றேன்.

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் குடம் வைக்கவில்லை.

சித்திரையில் மழை கொட்டியது. சில நாள் கழித்துக் காலையில் கதவைத் திறந்தால், இலை ஒன்று இல்லாமல், புள்ளி போட்ட தண்டுகள் மண்ணைப் பிளந்து வந்திருந்தன. இரண்டே நாளில் ஒவ்வொரு தண்டின் மேலும் குழந்தைத் தலை அளவுக்கு ஒரு சிவப்புப் பந்து. நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். ஃபுட்பால் லில்லி! டீக்கடையில் ஒரே ஒரு கிழங்குக்காக நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். இங்கே ஒரு கூட்டமே. நான் எண்ண ஆரம்பித்தேன். வாசற்படியிலிருந்து அவள் சொன்னாள்:

"எத்தினின்னு எண்ணாதீங்க. எப்டி நிக்குதுன்னு பாருங்க."

பார்த்தேன். நீளமாக இரண்டு வரிசை, குட்டையாக இரண்டு வரிசை, நூல் பிடித்தது போல. நடுவில் ஒரு தண்டுகூட இல்லை. வெளியிலும் இல்லை.

"கண்டோன்மென்ட் பக்கம் பஸ்ல போறப்போ பாத்திருக்கேன். கல்லறைய சுத்தி இப்டித்தான் பூ வெப்பாங்க. நமக்கு முன்னாடி இங்க இருந்தது வேதக்காரங்கதான?"

"அதுக்காக வீட்டுக்குப் பின்னாடியா பொதைப்பாங்க?"

அவள் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள். ஐந்தாவது மாதம்.

"பெரிய ஆளுக்கு இந்த எடம் பத்தாதுங்க" என்றாள்.

நான் அன்றைக்கு அவளைத் திட்டினேன். ஆனால் அவள் சொன்னதற்கப்புறம் எனக்கும் அது பூப்பாத்தியாகத் தெரியவில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அத்தனை சிவப்புத் தலையும் வீட்டைப் பார்த்து நிற்கும். தோண்டிப் பார்த்துவிடலாம் என்றால், கிழங்கு வளர்க்கிறவனுக்கு அது முடியாது. பூ வாடியதும் இலை வரும். இலைதான் கிழங்குக்குச் சோறு. அது பழுத்துச் சாயும்வரை கடப்பாரை வைக்கக் கூடாது, மிதிக்கவும் கூடாது. இதை அவளுக்கும் சொல்லியிருந்தேன். கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும்.

டீக்கடையில் சொன்னபோது யாருக்கும் இரக்கமில்லை.

"பேய் கெடக்கட்டும் குரு. ஒரு வரிசை எனக்கு" என்றார் கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் பிரிவுக்காரர்.

"மொதல்ல அந்தப் பேய்க்கு ஒரு டீ சொல்லுப்பா. நம்மாளு ஆயிடுச்சு" என்றான் இன்னொருவன்.

ஒக்கலிபுரத்திலிருந்து வருகிறவர் மட்டும் சிரிக்கவில்லை. "இத்தனை பந்துப்பூ வெச்சவங்க சாதாரண ஆளா இருக்க முடியாது. கெழங்கு வளக்கறவங்கதான். விசாரிக்கிறேன்" என்றார்.

ஆனி மாதம் கொல்லையில் இலை அடர்ந்து, முழங்கால் உயரத்தில் ஒரு பச்சைப் பெட்டி மாதிரி நின்றது. ஒருநாள் மத்தியானம் அரை ஷிப்டில் வீட்டுக்கு வந்தேன். கொல்லையில் அவள் குரல். யாரோ பக்கத்து வீட்டுப் பெண் என்று நினைத்து எட்டிப் பார்த்தால், யாரும் இல்லை. இலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டே, அன்றைக்கு என்ன சமையல் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நடுநடுவே நிறுத்தினாள். பதில் கேட்கிறவர்கள் நிறுத்துவது போல.

"யாருகிட்ட பேசற?"

அவள் திடுக்கிடவில்லை. "தனியாத்தான இருக்குது" என்றாள்.

அவள் இப்படியே போய்விடுவாளோ, வயிற்றில் இருக்கிற உனக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். வீட்டை மாற்றலாம் என்றால், இப்போது அவள் மாட்டேன் என்றாள். விட்டுவிட்டுப் போக மனசில்லையாம்.

வளைகாப்புக்கு ஆம்பூரிலிருந்து அவள் வீட்டார் வருவதற்கு முந்தின நாள் காலை, தலை வாரிக்கொண்டே சொன்னாள்: "ஊருக்குப் போறதுக்கு முன்னாடி, சாயங்காலம் நடுவுல ஒரு வெளக்கு வெச்சிட்டு வந்துர்றேங்க. அதோட முடிச்சிக்கிறேன்."

அவளே முடிக்கிறேன் என்றது எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்றைக்குத்தான் ஒக்கலிபுரத்துக்காரர், எங்கள் வீட்டில் முன்னால் இருந்தவர்களின் விலாசம் கொடுத்திருந்தார். வேலை முடிந்து நேராக அங்கே போனேன்.

கதவைத் திறந்தவர் ஓய்வு பெற்ற டீச்சர். மகள் வீட்டில் இருந்தார். வராந்தா முழுக்கத் தொட்டிகள். நான் ஈஜிபுரா என்றதும், "என் பந்துப்பூ பூத்துச்சா?" என்றார்.

"பூத்துது டீச்சர். அங்க யாரு...?"

"யாரா? அது பழைய தண்ணி சம்ப்புப்பா! மண்ணுக்கடியில கட்டுன தொட்டி, ரெண்டாள் ஆழம். ஓனரு மேல பலகையப் போட்டு மண்ணக் கொட்டிட்டாரு. கான்கிரீட் போடுங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சதுதான் மிச்சம். நாளைக்கு யாராச்சும் கால வெச்சிடக் கூடாதேன்னு சுத்தி கெழங்கு நட்டேன். பாக்கறவங்க கேப்பாங்கல்ல? புரோக்கர்கிட்டயும் சொன்னேனே. சொல்லலியா?"

"இல்ல டீச்சர்."

"பலகை இந்நேரம் உளுத்திருக்கும். பூவில்லாத மாசத்துல நீங்க வந்துட்டீங்க பாரு. எனக்கு அந்தப் புத்தி இல்லாமப் போச்சே."

தண்ணீர் கொண்டுவர அவர் உள்ளே திரும்பினார். நான் படியிறங்கிவிட்டேன்.

மெஜஸ்டிக் ஸ்டாண்டில் பஸ் பிடித்து ஈஜிபுரா வந்து சேரும்வரை நான் எதையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைவது மட்டும் தெரிந்தது. ஏழு மாதத்துக்காரி, கையில் விளக்கோடு, நடுவில் கால் வைப்பாள். குடம் வைத்தபோது கேட்ட அந்தச் சத்தம் காதிலேயே இருந்தது. தெருமுனையிலிருந்து ஓடினேன். வீட்டுக் கதவு சாத்தியிருக்கவில்லை. உள்ளே அவள் இல்லை.

கொல்லையில், இலை வரிசைக்கு இந்தப் பக்கம், முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு நின்றிருந்தாள். விளக்கு அவள் காலடியில், ஓரத்தில் எரிந்தது.

"நடுவுல வெக்கலியா?" எனக்கு மூச்சு வாங்கியது.

"எப்டி வெக்கறது? வழியெல்லாம் எல. மிதிச்சா கெழங்கு செத்துரும்னு நீங்கதான சொன்னீங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க ஆச்சு?" என்றாள்.

அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்த பிறகுதான் சொன்னேன். அப்புறம், "தண்ணி மட்டுந்தானா?" என்று கேட்டாள். "தண்ணிதான்" என்றேன். அவள் அழுதாள். பயத்தில் அழுத மாதிரி இல்லை, முதல் பிள்ளையை மறுபடியும் இழந்த மாதிரி.

அவள் ஆம்பூர் போன பிறகு ஓனரை உண்டு இல்லை என்று பண்ணி ஆள் வரவழைத்தேன். கார்த்திகைக்குக் காத்திருக்கவில்லை. பச்சை இலையோடு கிழங்குகளைக் கிளப்பி டின்களில் வைத்தேன். பாதிதான் பிழைத்தன. மண்ணை வாரியதும் பலகை ரொட்டி மாதிரி பிய்ந்துகொண்டு வந்தது. உள்ளே டார்ச் அடித்தோம். கறுத்த தண்ணீர். பலகை இடுக்குகள் வழியாகப் பந்துப்பூவின் வேர்கள் இறங்கி, வெள்ளை வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. காற்றே இல்லாத இடத்தில் அவை மெல்ல ஆடின. வேலையாட்களில் ஒருவன் டார்ச்சை அணைத்துவிட்டான்.

ஜல்லியும் மண்ணும் கொட்டி, திமிசு போட்டு இறுக்கிவிட்டுச் சாயங்காலம் அவர்கள் போனார்கள். நான் குடத்தில் தண்ணீர் நிரப்பி அங்கே இறக்கிப் பார்த்தேன். 'தொப்' என்றது. அவ்வளவுதான்.

ஓரத்தில் அவள் வைத்த அகல் மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. எடுத்துத் துடைத்தேன். உள்ளே போய் எண்ணெயும் திரியும் கொண்டுவந்தேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, நடுவில் போய் உட்கார்ந்து, ஏற்றி வைத்தேன்.