சோமாசியின் ஓரம்

பால்காரர் தண்ணீர் கலந்தால் தூக்குவாளியின் மூடியைத் திறக்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன். மல்லாங்கிணற்றில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். என் வீட்டுக்காரர் மட்டும் இதைக் கெட்டிக்காரத்தனம் என்று ஒத்துக்கொள்ளமாட்டார். "ஒனக்குச் சந்தேகப்படலேன்னா சோறு செமிக்காது" என்பார்.

மகளை நாரணாபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் மாமியார் வீட்டுக்குச் சின்னதாக ஒரு பட்டாசு கம்பெனி உண்டு. தலை தீபாவளியை எங்களோடு கொண்டாடியவள், மறுவருஷம் தீபாவளி நெருங்கும்போது அங்கிருந்து ஒரு டப்பா நிறையச் சோமாசி கொடுத்தனுப்பினாள். எங்கள் ஊருக்கு லோடு இறக்க வந்த கம்பெனி டிரைவர் கொண்டுவந்து தந்தார். போன் போட்டேன். "எல்லாம் நான் செஞ்சதுதாம்மா" என்றாள்.

டப்பாவைத் திறந்ததும் நான் கடித்துப் பார்க்கவில்லை, ஓரத்தைத்தான் பார்த்தேன்.

சோமாசிக்கு அச்சு வைத்து அமுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் கையால்தான். பொட்டுக்கடலை மாவு, சீனி, தேங்காய்ப்பூ, ஏலக்காய் எல்லாம் உள்ளே வைத்து, தேய்த்த வட்டத்தை அரைவட்டமாக மடித்து, ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி முறுக்கிக்கொண்டே வரவேண்டும். எந்தக் கையால் கிள்ளுகிறோமோ அதற்குத் தக்கபடி மடிப்பு சாயும். என் மகள் இடதுகைக்காரி. எல்லோரும் செய்ததை ஒரே தாம்பாளத்தில் கொட்டினாலும் அவளுடையது எதிர்ப்பக்கம் சாய்ந்து தனியாகத் தெரியும். டப்பாவில் ஒன்றுகூட அப்படி இல்லை. எல்லாம் வலதுகைக்காரர்களின் சாய்வு, அதுவும் கோணல்மாணலாக.

எதற்குப் பொய் சொல்கிறாள்? சீசன் நேரம். ஆள் குறைந்தால் வீட்டுப் பெண்களும் கம்பெனியில் போய் உட்காருகிற ஊர் அது. வெடிமருந்தில் கையைச் சுட்டுக்கொண்டாளோ? வீடியோ காலில் கூப்பிட்டேன். முகத்தை மட்டும் காட்டினாள். கையைக் காட்டச் சொன்னதும், "அடுப்புல எண்ணெய் காயுதும்மா, பெறகு பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். அதற்குமேல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

சம்பந்தியம்மாதான் கதவைத் திறந்தார். "வாங்க மதினி. ஒரு போன் போட்டிருந்தா வண்டி அனுப்பியிருப்போம்ல" என்றார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் மகளின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாவு ஒட்டியிருந்ததே தவிர, ஒரு கீறல் இல்லை.

"என்னம்மா, போலீஸ்காரி மாதிரி பாக்கிற?" என்றாள். போன உயிர் திரும்பி வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அவள் மறுபடி உட்கார்ந்து ஒரு வட்டத்தை எடுத்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுதப் பழகும் பிள்ளை மாதிரி, வலது கையால் கிள்ள ஆரம்பித்தாள். டப்பாவில் நான் பார்த்த அதே கோணல் மடிப்பு. அவள் பொய் சொல்லவில்லை.

நான் பார்ப்பதைச் சம்பந்தியம்மா கவனித்துவிட்டார். "சாமிக்குப் படைக்கிற பலகாரம்லா மதினி, எடது கை ஆகாதுல்ல. நாந்தான் பளக்கிவிட்டேன். நல்ல பிள்ள, சொன்னதும் கேட்டுக்கிட்டா."

அதட்டலாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் பாராட்டாகச் சொன்னார்.

"எங்க வீட்டுச் சாமி சின்னதிலருந்து இவ எடது கைப் பலகாரத்தத்தான் தின்னுச்சு மதினி. ஒரு கொறையும் வைக்கல" என்றேன். அவர் சிரித்தார்.

நான் ஒரு வட்டத்தைத் தேய்த்து மகளின் முன்னால் வைத்தேன். "இது சாமிக்கு இல்ல, எனக்கு. ஒங்கையால ஒண்ணு மடிச்சுக் குடு."

அவள் மாமியார் முகத்தைப் பார்த்தாள். "அம்மா ஆசையாக் கேக்காகள்ல, செஞ்சு குடு" என்று அவரும் சொன்னார். மகளின் இடது கை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பியது. பிறகு அங்கேயே படிந்துவிட்டது. வலது கையால் வட்டத்தை இழுத்துக்கொண்டாள்.

"இதுதாம்மா இப்பம் பளகிருச்சு" என்றாள், தலை நிமிராமல்.

பாலில் கலந்த தண்ணீரை மூடியிலேயே பிடிக்கிறவள் நான். என் மகள் சொன்னது நிஜமா பொய்யா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.