வின்சன்ட் வாங்கிய இரண்டு குத்துகள்

பாண் துண்டை வலப்பக்கக் கடைவாயில் வைத்து இரண்டு தரம் மென்றுவிட்டு, நாக்கால் இடப்பக்கத்துக்குத் தள்ளி இன்னும் இரண்டு தரம் மென்று பார்க்கிறார் வின்சன்ட். பிறகு கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கிறார். சம்பலில் உறைப்புக் கூடிவிட்டதோ என்று மனைவி அகஸ்ரினா கேட்டால், கையைக் காட்டி நிறுத்துகிறார். எந்தப் பக்கம் கூடுதலாக நோகிறது என்பதுதான் அவருடைய யோசனை.

இடத்தாடை ஜோன்சனுடையது. எண்பத்தொன்பதாம் ஆண்டு, தாழ்வுபாட்டு ஊரில் கோயில் திருநாளன்று நடந்த குத்துச்சண்டையில் வலக்கையால் கொடுத்தது. வலத்தாடை ரொபின்சனுடையது. இந்தியாவில் அகதி முகாமில் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டு வின்சன்ட் ஊர் திரும்பிய அடுத்த வருடம், இடக்கையனான ரொபின்சன் கொடுத்தது. நாற்பத்தொரு வயதில், இருபத்திரண்டு வயதுக்காரனோடு எதற்கு மேடையேறினீர்கள் என்று கேட்டால், “எதிராளி வரேல்லை எண்டு கூப்பிட்டவை. போகாட்டி மரியாதை இல்லையே” என்பார். இந்த இருவரோடும் சண்டை போட்ட ஆள் ஊரில் அவர் ஒருவர்தான். இருவரிடமும் விழுந்த ஆளும் அவர்தான். இன்றைக்கும் கதிரையை விட்டு எழும்பும்போது வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணி, எட்டில் எழும்புவார். சண்டைகளில் எழும்பியது பதினொன்றில்.

அந்தத் தாடைகளுக்கு இப்போது உத்தியோகம் கிடைத்திருக்கிறது. விளையாட்டுக் கழகம் கட்டியிருக்கும் புதுக் குத்துச்சண்டைக் கூடத்துக்கு, ஊரின் மிகப் பெரிய குத்துச்சண்டை வீரனின் பெயரை வைக்க வேண்டும். பலகையில் ஒரு பெயருக்குத்தான் இடம். ஞாயிறு பூசை முடிய பங்குச் சுவாமி வந்து கூடத்தை மந்திரித்துத் திறப்பார். பெயர்ப்பலகை எழுதுவதைத் தொழிலாகச் செய்யும் தர்ஷிகாதான் கழகத்தின் செயலாளரும். அவள் வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்: “நீங்களே சொல்லுங்கோ மாமா. ரெண்டு பேரிட்டயும் வாங்கின ஆளுக்குத்தானே வித்தியாசம் தெரியும்.”

வின்சன்ட் அதைப் பெரிய கௌரவமாக எடுத்துக்கொண்டார். மூன்று நாள் கழித்துத்தான் அவள் ஏன் சிரித்தாள் என்று சந்தேகம் வந்தது.

வின்சன்டுக்குக் கடற்கரையில் கருவாடு காயப்போடும் வாடி இருக்கிறது. பச்சைக் கட்டா மீனைக் கையில் ஒருதரம் தூக்கினால் போதும், காய்ந்தபின் எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடுவார். மூன்று கிலோ பச்சை, ஒரு கிலோ கருவாடு. உலகத்தில் அவர் சந்தேகப்படாத கணக்கு அது ஒன்றுதான். ஆகவே அதிலேயே தொடங்கினார்.

“ஜோன்சன் அண்ணை காய்ஞ்ச கட்டா. ரொபின்சன் பச்சைக் கட்டா. ரெண்டையும் அப்பிடியே ஒரு தராசில போடேலாது. அண்ணையை மூண்டால பெருக்கோணும்.”

ஜோன்சன் வென்றவை இருபத்துமூன்று. பெருக்கினால் அறுபத்தொன்பது. ரொபின்சன் கொழும்பு வரை போய் எடுத்த பதக்கங்கள் ஆறு. அவனுடைய ஓட்டோவின் கண்ணாடியில் தொங்குகின்றன. கணக்கு முடிந்துவிட்டதென்று வின்சன்ட் கையைத் தட்டி எழும்பினார், எட்டில்.

மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்த அகஸ்ரினா நிமிராமலே கேட்டாள். “நாங்கள் இந்தியாவில இருந்து வரேக்க ஜோன்சன் அண்ணை பதினாலு சண்டை வெண்டவர். போன பெருநாளுக்குப் பத்தொன்பது. இப்ப இருவத்துமூண்டு. வீட்டில இருந்தபடியே எப்பிடி வெல்லுறார்?”

வின்சன்ட் திரும்பவும் உட்கார்ந்தார்.

“காயக் காய உப்பும் ஏறும். உப்பையும் சேர்த்தே நிறுக்கிறியள்?” என்றாள் அவள்.

உப்பை எவ்வளவு கழிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஜோன்சன் காலத்தில் மணி இல்லை. நேரம் பார்ப்பவரின் சுருட்டு எரிந்து முடிந்தால்தான் ஒரு சுற்று முடியும், சுருட்டு ஈரமென்றால் இரண்டு பேருக்கும் கஷ்டம். ரொபின்சன் காலத்தில் மூன்று நிமிடத்துக்கு மணி, தலைக்குக் கவசம், வாய்க்குள் ரப்பர். அதை வைத்துப் பார்த்தால் ஜோன்சன். ஆனால் ஜோன்சன் சண்டை போட்டது பக்கத்து ஊர்க்காரரோடு, ரொபின்சன் இராணுவ அணிக்காரரோடு. அதை வைத்துப் பார்த்தால் ரொபின்சன். போதாக்குறைக்கு, முதல் குத்தை வாங்கியது இருபது வயதுத் தாடை, இரண்டாவதை வாங்கியது நாற்பத்தொரு வயதுத் தாடை. தராசே இரண்டு.

இதற்கெல்லாம் அடியில் வின்சன்ட் ஒருவரிடமும் சொல்லாத பயம் ஒன்று கிடந்தது. “ரெண்டு சிங்கத்தோட நிண்டனான்” என்று சொல்லித்தான் இத்தனை வருடமும் மன்னார்ச் சந்தையில் தலை நிமிர்ந்து திரிந்தார். ஞாயிற்றுக்கிழமையோடு அதில் ஒன்று பூனையாகிவிடும். பூனையிடம் அடி வாங்கி விழுந்தவனை என்னவென்று கூப்பிடுவார்கள்?

சனிக்கிழமை பின்னேரம் ஒரு முடிவுக்கு வந்தார். இருவரும் தன் தாடையில் இன்னொருதரம் குத்த வேண்டும்.

“அம்பத்தாறு வயசில பல்லைக் குடுத்திட்டுக் கஞ்சி குடிக்கப் போறியளோ?” என்றாள் அகஸ்ரினா.

“அண்ணை இப்ப காய்ஞ்ச நிறை. அவற்ற குத்தை மூண்டால பெருக்கினாச் சரி.”

மூவரும் கூடத்துக்கு முன்னால் மணலில் நின்றார்கள். ஏணியில் தர்ஷிகா, கையில் தூரிகை; ‘குத்துச்சண்டைக் கூடம்’ என்று எழுதி, மேலே ஒரு பெயருக்கு இடம் விட்டிருந்தாள். நிழலில் இரண்டு கழுதைகள் நின்றன. அவற்றுக்கு அபிப்பிராயம் இல்லை.

முதலில் ரொபின்சன். இடக்கை மின்னலாகப் புறப்பட்டு, தாடைக்கு அருகே வந்ததும் நின்று, பூவை வைப்பதுபோல் தொட்டது.

“வடிவாக் குத்தடா. தலையணையே இது?”

“எப்பிடியண்ணை குத்துறது? என்ர கலியாணத்துக்கு வந்து சமைச்ச ஆள் நீங்கள்.” இன்னொருதரம் குத்தினான். இந்தமுறை தொட்டுவிட்டு, நொந்ததா என்று தடவியும் பார்த்தான்.

வின்சன்ட் குழம்பிப்போனார். சமையலை எத்தனையால் பெருக்குவது?

அடுத்து ஜோன்சன். அறுபத்தொன்பது வயது. சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்திருந்தார். கையுறையின் நாடாவை அவரால் கட்ட முடியவில்லை. தர்ஷிகா இறங்கி வந்து கட்டிவிட்டு மறுபடி ஏறினாள்.

“எந்தப் பக்கமடா?”

“இடது, அண்ணை. உங்கட பக்கம்.”

ஜோன்சன் காலை அகட்டி நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு வீசினார். கை வந்துகொண்டிருந்தது. எங்கே போகிறதென்று பார்க்க வின்சன்டுக்குத் தாராளமாக நேரம் இருந்தது. தாடைக்கு ஒரு சாண் முன்னால், வெறுங்காற்றில் போகிறது. வெறுங்காற்றை மூன்றால் பெருக்கினாலும் வெறுங்காற்றுத்தான். ரொபின்சன் பார்த்துக்கொண்டு நின்றான். ஏணியில் தூரிகை அசையாமல் நின்றது. ஜோன்சனின் கண்ணில் எண்பத்தொன்பதாம் ஆண்டு தெரிந்தது.

வின்சன்ட் கழுத்தை நீட்டி, இடத்தாடையை ஒரு சாண் முன்னே கொண்டுபோய், அந்தக் கையுறை வரும் வழியில் வைத்தார்.