மூன்றடி இறங்கிய கிணறு

என் வீட்டுக்காரர் பூமிநாதனுக்குக் கிணறு எட்டிப் பார்க்கிற உத்தியோகம். இப்படிச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நிலத்தடி நீர்மட்டம் அளக்கிறார் என்று சொல்ல வேண்டுமாம். பெயர் எதுவானால் என்ன? மே மாத வெயிலில் பையில் டேப்பைப் போட்டுக்கொண்டு, காரைக்குடியில் பஸ் ஏறி ஊர் ஊராக அலைவார். கைப்பிடிச் சுவரின் விளிம்பிலிருந்து தண்ணீர் வரைக்கும் எத்தனை அடி என்று அளந்து குறித்து வருவார். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் சாய்ந்துவிடுவார். பார்க்கிற எனக்கே அலுப்பாக இருக்கும்.

எல்லாம் அளந்து முடித்ததும் பெரிய தாள் ஒன்றை விரிப்பார். ஊருக்கு ஒரு வரிசை, வருஷத்துக்கு ஒரு கட்டம். இந்த வருஷ அளவில் போன வருஷ அளவைக் கழித்து, வித்தியாசத்தைச் சிவப்பு மையில் எழுதுவார். மேட்டுக் கிணற்றையும் பள்ளத்துக் கிணற்றையும் ஆழம் வைத்து ஒப்பிடக் கூடாதாம். ஒவ்வொரு கிணறும் தன் போன வருஷத்தைவிட எவ்வளவு இறங்கியது என்று கண்டு, அதைத்தான் ஊருக்கு ஊர் வைத்துப் பார்க்க வேண்டுமாம். கல்யாணத்தன்று இருந்த பொன்னுத்தாயி வருஷா வருஷம் எவ்வளவு இறங்கினாள் என்று எனக்கும் ஒரு வரிசை போடுங்கள் என்றேன். மனுஷன் சிரிக்கவே இல்லை.

தொண்ணூற்றாறில் அந்தத் தாளுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. எந்தக் கிணறு அந்த வருஷம் அதிகமாக இறங்கியதோ, அந்த ஊருக்குப் போர்வெல் என்று ஆபீசில் முடிவு. ஒன்றே ஒன்றுதான். தேவகோட்டைப் பக்கம் என் தங்கை கருப்பி வாழ்க்கைப்பட்ட ஊரின் வரிசையில் மூன்றடி என்று சிவப்பில் விழுந்தது. அமராவதிபுதூருக்கு அங்குட்டு ஓர் ஊரில் ஒன்றரை அடி. மற்றதெல்லாம் அரையடி, சாண். எனக்கு வாயெல்லாம் பல். கருப்பி இடுப்பு வலிக்காரி. விடிந்தால் அடைந்தால் கயிறும் கையுமாகக் கிணற்றடியில் நிற்கிறவள். உனக்குப் போர் வருகிறது என்று ஆள் விட்டுச் சொல்லியும் அனுப்பினேன்.

அவர் மட்டும் தாளையே முறைத்துக்கொண்டிருந்தார். சுற்றியுள்ள கிணறெல்லாம் அரையடி இறங்க, இது மட்டும் எப்படி மூன்றடி இறங்கும்?

"உந்தங்கச்சி ஊருல எதுவும் மாறியிருக்கா தாயி?"

எனக்குத் தெரியும். கருப்பியின் கடைக்குட்டி கிணற்றை எட்டிப் பார்க்கிறாள் என்று பயந்து, சுவரை உயர்த்திக் கட்டச் சொல்லிப் பொங்கலின்போது அந்த ஊர்க்காரர்களோடு மல்லுக்கு நின்றவளே நான்தான். கட்டிவிட்டார்கள். அத்தனை கிணறு பார்க்கிறவருக்கு எந்தச் சுவர் எவ்வளவு உயரம் என்று நினைவிருக்குமா? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வெயிலில் வெந்து கறுத்துப்போன அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"செவரு ரெண்டரை அடி ஒசந்துருக்குங்க."

சுவர் விளிம்பிலிருந்துதானே டேப் இறங்குகிறது; மூன்றடியில் அதைக் கழித்தார். மிச்சம் அரையடி. சுவர்தான் காரணம் என்று கருப்பியின் ஊருக்குச் சொல்லியனுப்பிவிட்டார்கள்; போர்வெல் அமராவதிபுதூர்ப் பக்கம் போயிற்று. நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும் எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த வாரம் இருவரும் கருப்பியைப் பார்க்கப் போனோம். கிணற்றடியில் நின்றாள். வந்ததும் வராததுமாக அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் மச்சான், எங்களுக்கு வந்த தண்ணிய அங்குட்டுத் தள்ளி விட்டீகளே. செவரு ஒசந்தத ஒங்ககிட்ட யாரு சொன்னா?"

அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. தானாகத்தான் கண்டுபிடித்ததாகச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனுஷனை அப்படி நிற்கவிட்டு வேடிக்கை பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

"நாந்தான்டி சொன்னேன்."

கருப்பி அழவில்லை, ஏசவுமில்லை. கயிற்றை என் கையில் கொடுத்தாள்.

"அப்ப நீயே சேந்துக்கா."

வாளியை உள்ளே விட்டேன். அது போய்க்கொண்டே இருந்தது. இழுக்கும்போது சுவர் நெஞ்சில் இடித்தது, முன்பெல்லாம் முழங்கால் உயரம்தான். பாதியில் கை தளர்ந்தது. அவர் பின்னால் வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார். கருப்பி காலிக் குடங்களையெல்லாம் கொண்டுவந்து எங்கள் முன்னால் வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.