ரசகதலி வயலின் மண்

கொட்டாரம் ஊருக்கு அருகே ஒரு வயலில் பெமிலா வாழைத்தண்டை நெடுகப் பிளந்தபோது உள்ளே செம்பழுப்புக் கோடுகள் ஓடின. வயல்காரர் பகவதியப்பன் எட்டிப் பார்த்தார். அவருடைய ரசகதலி வாழைகளில் பாதிக்குமேல் இலை மஞ்சளித்து, மட்டை ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தன.

“மருந்து உண்டா மேடம்?”

“இல்ல அண்ணாச்சி. இது மண்ணுல இருக்கிற பூஞ்சை. வேர் வழியா ஏறி, தண்ணி போற குழாயெல்லாம் அடைச்சிரும். ஈரத்துல நின்னுட்டே வாழை காஞ்சு சாவும்.”

பெமிலா பயிர்நோய் ஆராய்ச்சியாளர். நாகர்கோவிலில் வாத்தியாராக இருந்த ரசலையனின் மகள். ஹைதராபாத்தில் ஒரு விதை கம்பெனியில் கிடைத்த நல்ல வேலையை விட்டுவிட்டுச் சொந்த மாவட்டத்து ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தவள். பூஞ்சையையும் பாக்டீரியாவையும் தவிர அவளுக்கு வேறு பேச்சு கிடையாது என்று வீட்டில் சலித்துக்கொள்வார்கள்.

சில மாதங்களில் மீதி வாழைகளும் காய்ந்தன; அந்த வயலின் நடுவே ஒரே ஒரு வாழை மட்டும் பச்சையாக நின்றது. சுற்றிலும் எல்லாம் செத்திருக்க, அது ஏன் சாகவில்லை? அதன் வேரை எடுத்துப்போய், அதில் குடியிருந்த பாக்டீரியாக்களைப் பிரித்து வளர்த்தாள். வருடங்கள் ஓடின. கடைசியில் ஒன்று அகப்பட்டது. கண்ணாடித் தட்டில் பஞ்சுபோலப் படர்ந்து வந்த பூஞ்சை, அந்தப் பாக்டீரியாவை நெருங்கியதும் நின்றுவிட்டது. கூட வேலைசெய்த ஸ்மிதாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள்.

“பாத்தியா? பூஞ்சை நின்னுட்டு பாரு!”

தொட்டிகளில் வளர்த்த வாழைகளிலும் அது பலித்தது. பகவதியப்பன் தன் வயலையே சோதனைக்கு விட்டார். பாக்டீரியாக் கரைசலில் நனைத்த கன்றுகளை நட்டார்கள். அந்த வருடம் மழை குறைவு. வாழைகள் கொழுத்துக் குலை தள்ளின. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கரைசலில் நனைக்காமல் நட்ட வரிசையிலும் பல வாழைகள் பிழைத்திருந்ததை அவள் பார்க்கத்தான் செய்தாள். சந்தோஷத்தில் அதற்கு அதிக மதிப்புக் கொடுக்கவில்லை.

பகவதியப்பன் பக்கத்து வயல்காரர்களிடம் சொன்னார். “மேடத்தை நம்பி நடலாம்.” அவர்களும் நட்டார்கள்.

மறு வருடம் ஐப்பசி மழையில் வயல்களில் தண்ணீர் கட்டி நின்றது. மார்கழியில் இலைகள் மஞ்சளித்தன. பெமிலா மண்ணை அள்ளி வந்து சோதித்தாள். அவள் விட்ட பாக்டீரியா மருந்துக்குக்கூட இல்லை. பூஞ்சை மட்டும் சுகமாக இருந்தது. முதல் வருடம் வாழைகளைக் காப்பாற்றியது தன் பாக்டீரியாவா, மழை பெய்யாததா என்று அவளுக்கே இப்போது தெரியவில்லை.

“முதல் வருச முடிவை மட்டும் எழுதி அனுப்பலாமே” என்றார் மேலதிகாரி.

“ரெண்டையும்தான் எழுதுவேன் சார்.”

எழுதினாள். எந்த ஆய்விதழும் போடவில்லை. ஆராய்ச்சிக்கு வந்த நிதி நின்றது.

வயல்காரர்களைக் கூட்டி, நோய் வந்த வாழையைப் பிடுங்கிவிட வேண்டும், இந்த மண்ணில் இனி ரசகதலி வைக்க வேண்டாம், பூஞ்சை பல வருடம் மண்ணிலேயே உயிரோடு கிடக்கும் என்று சொன்னாள். ஏசுஅடிமை என்பவர் எழுந்தார். அவருடைய வாழைகள் முழுதும் போயிருந்தன.

“செடிக்கு நோவு வந்தா பிடுங்கிப் போடணும்னு எனக்கும் தெரியும். அப்பம் நீங்க எதுக்கு இருக்கிய?”

பகவதியப்பன்தான் அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அது அவளுக்கு இன்னும் வலித்தது.

ஏத்தன் வாழையை இந்தப் பூஞ்சை லேசில் தொடாது. அதை வைக்கச் சொன்னாள். பகவதியப்பன் வைத்தார். குலை வரும் முன்பே காற்றில்லாத ஒரு நாளில் வாழைகள் சாய்ந்தன. அவள் போய்க் கிழங்கை வெட்டினாள். கூழாகி நாறியது.

“இதும் அந்தப் பூஞ்சைதானா மேடம்?”

“இல்ல அண்ணாச்சி. இது பாக்டீரியா. கிழங்கு அழுகல்.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மண்வெட்டியை எடுத்து, விழுந்த வாழைகளை ஒவ்வொன்றாகத் தோண்டத் தொடங்கினார்.

அவர் மனைவி ஞானம் பெமிலாவோடு கார்வரை நடந்து வந்தாள்.

“மேடம், ஒண்ணு சொன்னா வெசனப்படாதிய. இனி இங்க வரண்டாம். நீங்க வந்துட்டுப் போனா, அவரு பின்னயும் கன்னு தேடிக் கிளம்பிருவாரு.”

“சரிக்கா” என்றாள் பெமிலா.

ஞானம் திரும்பிப் போனாள். பெமிலா காரின் பின்னாலிருந்த கிருமிநாசினித் தண்ணீரை எடுத்து, இந்த மண் வேறு எவர் வயலுக்கும் போய்விடக் கூடாதென்று ரப்பர் பூட்ஸைத் தேய்த்துக் கழுவினாள். மண் போன பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.